பட்டு லேஞ்சியின் கதை

கைக்குட்டையை ஈழத்தமிழர் லேஞ்சி என்பர். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. அலுமாரி, யன்னல், சப்பாத்து ஆகியவற்றோடு கரையிறங்கிய 'லென்சோ' நமது வாயில் லேஞ்சி ஆயிற்று. ஆனால் போர்த்துக்கேயரின் மொழியில் அச்சொல் முகம் துடைக்கும் துண்டை மட்டும் குறிப்பதன்று. தலையிற் கட்டும் துணியும் கழுத்திற் சுற்றும் துணியுங்கூட அவர்களுக்கு லென்சோதான். நாம் சட்டைப்பைக்குள் இருப்பதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டோம். ஆங்கிலத்தில் ஸ்கார்ப் என வழங்கும் விலையுயர்ந்த பட்டுத்துணியின் வரலாற்றை எழுதப் புகும்போது, அந்த விடுபட்ட பொருளையும் மீட்டுக்கொண்டு அதனைப் பட்டு லேஞ்சி என்றே அழைக்கலாம் எனத் தோன்றுகிறது.

ஒரு துண்டுத் துணிக்கு வரலாறா என்று வாசகர்கள் கேட்கலாம். இந்தத் துணிக்குக் கையில்லை, கழுத்தில்லை, பொத்தானில்லை. விரித்து வைத்தால் அது வெறும் சதுரம். கட்டினால்தான் உடை. கட்டும் வித்தையோ கடையில் விற்கப்படுவதன்று. இன்னொருவர் கையைப் பார்த்துத்தான் படிக்கவேண்டும். நம்மில் வேட்டி கட்டத் தெரிந்தவர்கள் அதனை எப்படிப் படித்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஆகவே துணியை வாங்குவது தனியொருவர் காரியமாக இருந்தாலும், அதனை அணிந்து மகிழ்வது எக்காலத்திலும் கூட்டாகவே நடந்து வந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் யார் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இவ்வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்திய விடயம்.

கதை பாரிஸில் தொடங்குவதாகவே நாகரிகச் சஞ்சிகைகள் எழுதும். உண்மையில் அது வங்காளத்தில் தொடங்குகிறது. முர்ஷிதாபாத், காசிம்பசார் பகுதிகளிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனி கப்பலேற்றிய பட்டு லேஞ்சிகளுக்கு ஐரோப்பாவில் 'பந்தானா' என்று பெயர். துணியில் சிறு சிறு முடிச்சுகளைக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, பின்னர் அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெண்புள்ளியாக நிற்கும். கட்டுதல் என்ற பொருளுடைய வடமொழி வேரிலிருந்து பிறந்த பெயர் அது. நமது 'பந்தம்' என்ற சொல்லும் அதே வேரினதுதான். கட்டிச் செய்த துணியைக் கழுத்திற் கட்டிக்கொண்டார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அக்காலத்து ஐரோப்பியக் கனவான்கள் மூக்குத்தூள் பிரியர்கள். வெள்ளை லேஞ்சியில் மூக்குத்தூள் கறை பளிச்சென்று தெரியும். சிவப்பிலும் நீலத்திலும் அது மறைந்துவிடும். வங்காளத்துப் பட்டுக்கு மவுசு ஏறியதற்கு இந்த அழுக்குக் காரணமும் ஒன்று. உள்நாட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் விளைவாக, பாரசீகம், சீனா, இந்தியா ஆகிய இடங்களின் பட்டுகளை இங்கிலாந்தில் அணிவதைத் தடைசெய்து 1700ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. மறு ஏற்றுமதிக்காக மட்டும் அவற்றைத் துறைமுகத்தில் இறக்கலாம். இறங்கிய சரக்கு அக்கரைக்குப் போய், இரவோடிரவாகக் கள்ளத்தோணியில் திரும்பி வந்தது. வெளிநாட்டுப் பட்டு மீதான தடை 1826இல் நீங்கும் வரையில், இங்கிலாந்தில் கழுத்திற் பந்தானா கட்டியவர்களுட் பலர், சட்டத்தை மீறிய துணியைப் பகிரங்கமாக அணிந்து திரிந்தவர்களே. சட்டத்தை இயற்றியவர்களின் சட்டைப்பைகளிலும் அது இருந்திருக்கும் என்பது எனது ஊகம்.

அந்நாட்களில் இது பெரும்பாலும் ஆண்களின் விளையாட்டு என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கக்கூடும். பிரிஸ்டல் நகரத்துக் குத்துச்சண்டை வீரர் ஜெம் பெல்ச்சர் நீலத்தில் வெண்புள்ளி போட்ட லேஞ்சியைக் கழுத்திற் கட்டுவார். அவருடைய ஆதரவாளர்களும் அதையே கட்டத் தொடங்க, அந்தத் துணிக்கே 'பெல்ச்சர்' என்று பெயர் வந்துவிட்டது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு நிறம். மைதானத்துக்குப் போகும் வழியிலேயே யார் எந்தப் பக்கம் என்பது கழுத்தைப் பார்த்தால் தெரியும். மேல்தட்டிலும் இதே பித்துத்தான். முப்பது ஆண்டு யுத்தத்தில் பிரான்ஸுக்காகப் போரிட வந்த குரோவேஷியக் குதிரைவீரர்களின் கழுத்துத்துணி, அவர்கள் இனத்தின் பெயராலேயே 'கிராவாத்' ஆகிப் பிரபுக்களின் கழுத்துக்கு ஏறியது. அதனைக் கட்டும் முறைகளைப் படம் போட்டுக் கேலி செய்யும் பிரசுரம் 1818இல் இலண்டனில் வெளிவந்தது. 1827இல் பாரிஸில் 16 பாடங்களாக ஒரு முழு நூலே வந்தது. அதனை அச்சிட்டது, அப்போது அச்சகம் நடத்திக் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த பல்சாக். பின்னாளில் உலகம் போற்றிய நாவலாசிரியர் அவர்தான்.

பாரிஸில் இப்படி முடிச்சுப் பாடம் நடந்துகொண்டிருக்க, அந்தப் பட்டை நெய்தவர்கள் எங்கே இருந்தார்கள்? தென்கிழக்கே லியோன் நகரில், குருவா ரூஸ் என்னும் குன்றின் மேல். 1804இல் ஜக்கார் அமைத்த தறி உயரமானது. அதற்காக அங்கே வீடுகளின் கூரையை நாலு மீற்றர் உயரத்துக்குக் கட்டினார்கள். வீட்டின் உயரம் தறிக்காக. மனிதர்கள் பரணில் உறங்கினார்கள். இந்த நெசவாளர்களைக் 'கனூ' என்று அழைப்பர். 1831இல் தறி வைத்திருந்த தலைமை நெசவாளர் சுமார் 8,000 பேர். அவர்களிடம் வேலை செய்தோர் சுமார் 30,000 பேர். நூலைக் கொடுப்பதும் துணியை எடுப்பதும் கூலியைத் தீர்மானிப்பதும் வணிகர். சந்தை சரிந்தால் முதலில் வெட்டப்படுவது முழக்கூலி.

அவ்வாண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி, மாவட்ட அதிபர் பூவியே துமொலார் முன்னிலையில் இரு தரப்பாரும் கூடிக் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்றுக்கு இணங்கினார்கள். குன்றெங்கும் அன்றிரவு கொண்டாட்டம். ஆனால் வணிகரில் ஒரு பகுதியினர் பட்டியலை ஏற்க மறுத்தனர். கூலியைச் சந்தைதான் தீர்மானிக்கவேண்டும், அரசு தலையிடலாகாது என்பது அவர்கள் வாதம். நவெம்பர் 21ஆந் திகதி நெசவாளர் குன்றிலிருந்து இறங்கினார்கள். உழைத்து வாழ்வோம், அல்லது போரிட்டு மடிவோம் என்று அவர்களுடைய கறுப்புக் கொடி சொன்னது. மூன்று நாட்களில் நகரம் அவர்கள் கையில். பிரான்ஸின் இரண்டாவது பெரிய நகரத்தைப் பிடித்தவர்கள் அதனை என்ன செய்தார்கள் என்றால், கொள்ளை நடவாதபடி கடைகளுக்குக் காவல் நின்றார்கள். டிசெம்பர் 3ஆந் திகதி, இளவரசர் ஓர்லியன்ஸ் கோமகனும் மார்ஷல் சூல்ற்றும் 20,000 படையினரோடு உள்ளே வந்தார்கள். கூலிப் பட்டியல் இரத்தாயிற்று. அதற்குத் துணைநின்ற மாவட்ட அதிபரும் பதவியிழந்தார். 1834 ஏப்ரலில் இரண்டாவது எழுச்சி. அது இன்னும் கொடுமையாக அடக்கப்பட்டது.

பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்றை இங்கே குறிக்காமல் போக முடியவில்லை. எழுச்சிக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், அதே ஒக்டோபர் மாத இறுதியில், லியோன் நெசவாளர் தமக்கென்று ஒரு வார இதழைத் தொடங்கினார்கள். 'தொழிலின் எதிரொலி' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். பிரான்ஸில் உழைப்பாளர் தாமே நடத்திய முதல் இதழ்களுள் அதுவும் ஒன்று. கூலித் தகராறுகளில் தொழில் நீதிமன்றம் என்ன தீர்ப்பளித்தது, எந்த வணிகர் அளவில் ஏமாற்றினார் என்பன போன்ற செய்திகளை வாரந்தோறும் அச்சிட்டு, 1834 வரை அது நின்று பிடித்தது. பாரிஸில் முடிச்சுப் போட 16 பாடம் அச்சான நான்காவது ஆண்டில், அந்தப் பட்டை நெய்தவர்கள் முழத்துக்கு எவ்வளவு என்று அச்சிட்டார்கள். இரண்டு அச்சுகளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் படித்தால்தான் பட்டின் வரலாறு முழுமை பெறும்.

அதன் பின்னர் புழுவுக்கு நோய் வந்தது. 1853இல் 26,000 தொன் கூடு விளைந்த பிரான்ஸில் 1865இல் விளைந்தது 4,000 தொன். அரசு அனுப்பிய லூயி பாஸ்ரர் அலேஸ் நகரில் தங்கி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, நோயற்ற முட்டைகளை நுணுக்குக்காட்டியாற் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார். ஆனாலும் பழைய நிலை மீளவில்லை. லியோனின் தறிகள் ஆசியாவின் கச்சாப் பட்டை நம்பி ஓடின.

இனி, இன்று உலகெங்கும் தெரிந்த பட்டுச் சதுரத்துக்கு வருவோம். நாம் ஹெர்மெஸ் என்று எழுதினாலும் பிரெஞ்சுக்காரர் எர்மெஸ் என்றே உச்சரிப்பர். 1837இல் பாரிஸில் குதிரைக்குச் சேணமும் வாரும் தைக்கும் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. மோட்டார் கார் வந்து குதிரையை விரட்டியபின் தோற்பைகளுக்கு மாறியது. நூறாவது ஆண்டான 1937இல், எமில் எர்மெஸின் மருமகன் ரொபேர் துமாவின் முயற்சியால் அதன் முதலாவது பட்டு லேஞ்சி வெளிவந்தது. அதில் வரைந்திருந்தது பூவுமன்று, அரச முடியுமன்று. பாரிஸின் பழைய குதிரைப் பேருந்துகளைச் சுற்றி அமைந்த ஒரு தாய விளையாட்டு! பேருந்துகள் வட்டமாகச் சுற்றிவர, நடுவே சீமாட்டிகள் மேசையைச் சூழ்ந்து விளையாடுகிறார்கள். தலைப்பில் வரும் 'வெள்ளைச் சீமாட்டிகள்' என்பது உண்மையில் ஒரு பேருந்துக் கம்பனியின் பெயர். கூடியிருந்து விளையாடுவதையே முதற் சித்திரமாகத் தேர்ந்தவர்களுக்கு, இந்தத் துணியின் இயல்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அளவு 90 சென்ரிமீற்றருக்கு 90. எடை சுமார் 65 கிராம். ஒரு கூட்டிலிருந்து அரைக் கிராமுக்கும் குறைவான நூலே கிடைப்பதால், ஒரு லேஞ்சிக்கு 250, 300 கூடுகள் வேண்டும். இன்று அந்தக் கூடுகள் வருவது பெரும்பாலும் பிரேசில் நாட்டின் பரானா மாநிலத்திலிருந்து. ஜப்பானியக் குடியேறிகள் அங்கே கொண்டுபோன தொழில் அது. அச்சு வேலை லியோனுக்கு அருகே பியேர் பெனீற் என்னும் இடத்தில் நடைபெறுகிறது. ஓவியர் கொடுத்த சித்திரத்தை நிறம் நிறமாகப் பிரிக்கவேண்டும். 30 நிறம் என்றால் 30 சட்டங்கள். இந்தப் பிரிப்பு வேலைக்கே நூற்றுக்கணக்கான மணித்தியாலங்கள் செல்லும். நீண்ட மேசையில் பட்டை விரித்து, ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றாக, மயிரிழை பிசகாமல் ஏற்றவேண்டும். பிறகு ஆவியில் வேகவைத்து, கழுவி, உலர்த்தி, வெட்டி, ஓரத்தைக் கையாற் சுருட்டித் தைப்பர். அந்தச் சுருள் துணியின் முகப்புப் பக்கம் திரும்பிச் சற்றே பருத்து நிற்கும். போலியைப் பிடிக்க விரும்புவோர் முதலில் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

சித்திரகாரருள் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேகோ நகரத் தபாலகத்தில், இரவு வேளையில் கடிதங்களைத் தரம் பிரித்தவர் கேர்மிற் ஒலிவர். எர்மெஸ் லேஞ்சிகளை வரைந்த முதல் அமெரிக்கர் இந்தக் கறுப்பின ஓவியர்தான். பௌனி என்னும் அமெரிக்கப் பூர்வகுடியின் தலைவர் ஒருவரைச் சித்திரித்து 1984இல் அவர் வரைந்த லேஞ்சி இன்றும் தேடப்படுவது. பாரிஸில் சீமாட்டிகள் அதனை எப்படி மடித்தால் தலைவரின் முகம் முன்னே விழும் என்று முயன்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் தபாற் பைகளை அவிழ்த்துக்கொண்டிருந்திருப்பார்.

நாம் யுத்த காலத்துக்குச் சற்றுத் திரும்பவேண்டும். 1941 யூன் மாதம் பிரித்தானியாவில் உடைக்குப் பங்கீடு வந்தது. ஆளுக்கு 66 கூப்பன். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற நம்மவருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. பட்டு பரசூட்டுக்குப் போயிற்று. தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த பெண்கள், கூந்தல் இயந்திரத்திற் சிக்காதபடி கிடைத்த லேஞ்சியைத் தலைப்பாகையாகக் கட்டினார்கள். அதனைக் கட்டும் விதத்திலும் போட்டி இருந்தது. இலண்டனில் ஜக்மார் என்ற நிறுவனம் யுத்தப் பிரசார வாசகங்களையும், அந்தக் கூப்பன்களையுங்கூடச் சித்திரமாக்கி லேஞ்சிகளாக விற்றது. தட்டுப்பாட்டையே அணிகலனாக அணிவதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

இதே காலத்தில் எதிரி நாட்டில் விழக்கூடிய விமானிகளுக்கென்று, பட்டில் அச்சிட்ட தேசப்படங்களைப் பிரித்தானியப் புலனாய்வுப் பிரிவொன்று தயாரித்தது. கடதாசி சலசலக்கும், நனைந்தால் கிழியும். பட்டு ஒலியெழுப்பாது, சப்பாத்தின் குதிக்குள்ளும் அடங்கும். யுத்தம் முடிந்தபின் எஞ்சியவை மலிவு விற்பனைக்கு வந்தன. ஐரோப்பாவின் எல்லைக்கோடுகளைக் கழுத்திற் கட்டிக்கொண்டு பெண்கள் நடனத்துக்குப் போனார்கள்.

செக் நாட்டவரான சீக்கா அஷரும் அவர் மனைவி லீடாவும் 1939இல் தேனிலவுக்காக நோர்வே சென்றிருந்தபோது, அவர்களின் தாய்நாட்டை ஹிட்லரின் படை பிடித்தது. இலண்டனில் அகதிகளாகத் தங்கிய அவ்விருவரும் துணித்தொழில் தொடங்கி, ஹென்றி மூர், மத்தீஸ் போன்ற கலைஞர்களிடம் லேஞ்சிக்கெனச் சித்திரம் கேட்டார்கள். சதுரம் சதுரமாக அச்சான அந்த லேஞ்சிகள் 1947இல் இலண்டன் லெபெவர் கலைக்கூடத்தில் ஓவியங்களைப் போலவே சட்டமிட்டு மாட்டப்பட்டன. எனக்கென்னவோ சட்டமிட்டு மாட்டியதில் உடன்பாடில்லை. தோளிற் கிடந்து மடிந்து, பாதி மறைந்து பாதி தெரிவதற்காக வரையப்பட்டவை அவை.

ஐம்பதுகளில் இந்தத் துணிக்கு உலகப் புகழ் கிடைத்தது. குதிரைச் சவாரியின்போது நாடிக்குக் கீழே முடிச்சிட்டுக்கொண்ட எலிசபெத் மகாராணி, அதனைத் தமது அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார். கையில் காயமடைந்த மொனாக்கோவின் கிரேஸ் கெலி அதையே தூளியாக்கிக் கையைத் தொங்கவிட்டார். நாடிக்குக் கீழே ஒரு முடிச்சு, பிடரியில் ஒரு முடிச்சு, தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று பெண்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கட்டத் தொடங்கினார்கள்.

இதில் ஒரு கணக்கு உண்டு. 90 சென்ரிமீற்றர் சதுரத்தின் மூலைவிட்டம் 127 சென்ரிமீற்றர். மூலைக்கு மூலை மடித்து நாடாவாக்கினால், ஒரு கழுத்தை இரண்டு முறை சுற்றி, முடிச்சிட்டு, நுனி தொங்கவும் நீளம் போதும். மூலைவாக்கில் இழுக்கும்போது நெசவு சற்றே விட்டுக்கொடுப்பதால், முடிச்சு மென்மையாக உருளும். அதன் நெசவில் சாய்வாக ஓடும் வரிகள் முடிச்சை வழுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதே பட்டைச் சற்றின் நெசவில் நெய்தால் கட்டிய முடிச்சு தானாகவே அவிழ்ந்துவிடும். இந்த உண்மையைச் சீமாட்டிகள் கண்ணாடியின் முன்னே கண்டுபிடித்தார்கள். கட்டத் தெரியாதவர் இரண்டாவது லேஞ்சியை வாங்கமாட்டார் என்பதைக் கடைக்காரரும் கண்டுகொண்டார்கள். முடிச்சுகளைப் படம்போட்டு விளக்கும் அட்டைகளையும் சிறு நூல்களையும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். பல்சாக்கின் அச்சகத்திலிருந்து வந்த 16 பாடங்களின் பேரப்பிள்ளைகள் அவை. ஆயினும் அட்டையைப் பார்த்துக் கட்டிய எவரும் அதில் உள்ளபடியே நிறுத்திக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. தோழியர் நாலு பேர் கூடிவிட்டால், ஒருத்தியின் லேஞ்சி இன்னொருத்தியின் கழுத்துக்குப் போகும். நிறம் மாறும், மடிப்பு மாறும், சிரிப்பு எழும். விலை கூடிய துணி என்ற அச்சம் அங்கே முதலிற் கழன்று விழுகிறது.

ஆபத்தும் இல்லாமலில்லை. 1927 செப்டெம்பர் 14ஆந் திகதி, நீஸ் நகரில் திறந்த மோட்டார் காரில் ஏறிய நடனமேதை இசடோரா டங்கனின் நீண்ட பட்டுச் சால்வை சில்லிற் சிக்கி, அவ்விடத்திலேயே அவருயிர் பிரிந்தது. கையால் வண்ணந்தீட்டிய அச்சால்வை அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. உலகப் பத்திரிகைகள் பலவும் முதற்பக்கத்திலிட்ட செய்தி அது. லேஞ்சி கட்டுவோர் நுனிகளை உள்ளே செருகிக்கொள்வது நாகரிகத்துக்காக மட்டுமன்று.

குருவா ரூஸின் உயரக் கூரை வீடுகள் இன்றும் நிற்கின்றன. தறிகள் போய், அந்த உயரத்துக்காகவே வசதி படைத்தவர்கள் விரும்பி வாங்கும் குடியிருப்புகளாகிவிட்டன. குன்றிலிருந்து ஆற்றங்கரைக்குக் கட்டிடங்களுக்கூடாக இறங்கும் மூடிய நடைபாதைகளில் உல்லாசப் பயணிகள் படமெடுக்கிறார்கள். நெசவாளர் பட்டைச் சுமந்ததும், 1831இல் படையினரின் கண்ணில் படாமல் ஓடியதும் அவ்வழிகளால்தான்.

பழைய லேஞ்சிகளுக்கு இப்போது பெரிய மறுவிற்பனைச் சந்தை உண்டு. அவற்றை வாங்குவோர் ஓரத்தைத் தடவிப் பார்த்தபின் வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பார்கள். மூலைக்கு மூலையாக ஒரு மங்கிய கோடு தெரிந்தால், முன்னே வைத்திருந்தவர் அதனை எப்போதும் ஒரே விதமாக மடித்துக் கட்டியிருக்கிறார் என்று பொருள். கழுவி அழுத்தினாலும் அந்தக் கோடு முற்றாகப் போவதில்லை. விலையைக் குறைக்க அதனைக் காரணங் காட்டுவோரும் உண்டு. முதலில் அந்தக் கோட்டின் வழியே மடித்து, அவர் கட்டியது போலவே ஒருமுறை கட்டிப் பார்ப்போரும் உண்டு.